மெடிகேரும் மெடிகெய்டும்: எங்கள் வீட்டில் சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அமெரிக்காவில் ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர்களுக்கும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துவந்து கூட வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் சில வருடங்களாக மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறோம். என் மாமியாருக்கு மெடிகேர், மெடிகெய்ட் இரண்டும் உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெடிகேர் மிக நல்ல திட்டம். ஆனால் சேரும்போது முதல் சில மாதங்களில் எடுக்கும் முடிவுதான் அதற்குப் பிறகான செலவையெல்லாம் தீர்மானிக்கிறது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் சில கதவுகள் திரும்பத் திறப்பதில்லை.

இரண்டும் 1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் பிறந்தவை. மெடிகேர் 65 வயது ஆனவர்களுக்கு (சில உடல்நலக் குறைபாடு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே). சேர்வதற்கு வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மெடிகெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு. மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவு செய்கின்றன, விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தகுதி இருந்தால் ஒருவரே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

மெடிகேரில் பார்ட் ஏ மருத்துவமனையில் சேர்வதற்கு, பார்ட் பி டாக்டர், பரிசோதனை போன்றவற்றுக்கு, பார்ட் டி மருந்துக்கு. பத்து வருடம், அதாவது 40 காலாண்டு, வேலை செய்து வரி கட்டியிருந்தால் பார்ட் ஏ-வுக்குப் பிரீமியம் கிடையாது. நான் அவ்வளவு காலம் வேலைக்குப் போகவில்லை, ஆனால் கணவருடைய கணக்கிலேயே எனக்கும் கிடைத்தது. பார்ட் பி-க்கு எல்லோரும் கட்ட வேண்டும். 2025-இல் மாதம் 185 டாலர். வருமானம் அதிகமானால் இதுவும் கூடும், அதற்கு இரண்டு வருடம் முந்தைய வரிக்கணக்கைப் பார்க்கிறார்கள். கணவர் ஓய்வுபெற்றதும் சம்பளக் காலத்து வருமானத்தை வைத்துக் கூடுதல் தொகை கேட்டுக் கடிதம் வந்தது. ஓய்வுபெற்றுவிட்டார் என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் எஸ்எஸ்ஏ-44 படிவத்தில் எழுதி, நிறுவனத்தின் கடிதத்தையும் இணைத்து அனுப்பினோம். குறைத்துவிட்டார்கள். இந்தக் கடிதம் வந்தால் பேசாமல் கட்டிவிடாதீர்கள்.

சேரும் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 65 பிறந்தநாள் வரும் மாதம், அதற்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், ஆக ஏழு மாதம்தான் முதல் வாய்ப்பு. தக்க காரணமில்லாமல் பார்ட் பி-யைத் தவறவிட்டால், தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம் ஏறும். அதை ஒரு தடவை கட்டி முடிப்பதல்ல, பார்ட் பி இருக்கும்வரை மாதாமாதம் கட்ட வேண்டும். கணவர் 67 வயதுவரை வேலையில் இருந்தார். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தின் காப்பீடு இருந்ததால் இருவருமே பார்ட் பி-யைத் தள்ளிப்போட முடிந்தது. வேலை முடிந்த பிறகு எட்டு மாதத்துக்குள் சேர்ந்தால் அபராதம் இல்லை. வேலையை விட்ட பிறகு தொடரும் கோப்ரா காப்பீடு இந்தக் கணக்கில் வராது. "எனக்குத்தான் கோப்ரா இருக்கிறதே" என்று நிம்மதியாக இருந்து அபராதத்தில் மாட்டிக்கொண்டவர்களை எங்கள் நட்பு வட்டத்திலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்த பெரிய முடிவு, அரசே நடத்தும் அசல் மெடிகேரிலேயே (பார்ட் ஏ, பார்ட் பி) இருந்து மெடிகேப் என்ற துணைக் காப்பீடு வாங்குவதா, தனியார் நிறுவனங்கள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டத்துக்குப் போவதா என்பது. அசல் மெடிகேரில் பார்ட் பி செலவில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. கீமோதெரபி மாதிரி ஒரு சிகிச்சைக்கு இருபது சதவீதம் என்றால் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஓட்டையை அடைப்பதுதான் மெடிகேப். நாங்கள் அதில் பிளான் ஜி என்ற வகையை எடுத்தோம். பார்ட் பி-யின் வருடாந்திர டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகையை (2025-இல் 257 டாலர்) கட்டிவிட்டால், மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளுக்கு அநேகமாக வேறு எதுவும் கட்ட வேண்டியதில்லை. மெடிகேரை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம், எந்த மாநிலத்திலும் போகலாம். பிள்ளைகள் வேறு வேறு மாநிலங்களில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. மாதப் பிரீமியம் ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது என்பது உண்மைதான், கையைக் கடிக்கிறது.

அட்வான்டேஜில் பிரீமியம் பெரும்பாலும் குறைவு, பூஜ்யமாகவும் இருக்கும். பல், கண்ணாடி, காதுக்கருவிக்குக் கொஞ்சம் உதவி உண்டு. இவையெல்லாம் அசல் மெடிகேரில் பொதுவாகக் கிடையாது. வருடச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. பதிலுக்கு நெட்வொர்க்குக்குள், அதாவது அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களிடம்தான் பெரும்பாலும் போக வேண்டும், பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதியும் வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்வரை சுகம்தான். ஆனால் பார்ட் பி தொடங்கி ஆறு மாதத்துக்குள்தான் மெடிகேப் நிறுவனம் எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் காட்டி மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் மட்டும் விதிவிலக்கு. எழுபதில் நோய் வந்த பிறகு மெடிகேப் வாங்கப் போனால் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை. அதனால்தான் முதல் முடிவைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். வசதி இருந்தால் மெடிகேப்பில் ஆரம்பியுங்கள்.

மருந்துக்கான பார்ட் டி இப்போது பரவாயில்லை. இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது, 2025 முதல் மருந்துக்கு நம் கைச்செலவுக்கு வருடாந்திர உச்சவரம்பு உண்டு, 2025-இல் அது 2,000 டாலராக இருந்தது (இந்த வரம்பு வருடா வருடம் கொஞ்சம் ஏறும்). அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றலாம். நம் மருந்துகள் அடுத்த வருடப் பட்டியலில் இருக்கின்றனவா என்று அப்போது பார்த்தால் போதும்.

எனக்கு இன்னும் கோபம் தீராத விஷயம் ஒன்று உண்டு. கணவர் தலைசுற்றி விழுந்து மருத்துவமனையில் மூன்று இரவு இருந்தார். வார்டில் கட்டில், சலைன், இரவும் பகலும் நர்ஸ், எல்லாம் உண்டு. ஆனால் காகிதத்தில் அவர் சேர்க்கப்பட்ட நோயாளி அல்ல, 'அப்சர்வேஷன்', அதாவது வெறும் கண்காணிப்பில் இருப்பவர். மறுவாழ்வு மையத்தில் சில வாரம் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதுதான் அதன் விளைவு தெரிந்தது. உள்நோயாளியாகத் தொடர்ந்து மூன்று நாள் இருந்திருந்தால்தான் மெடிகேர் அந்த மையத்துக்குப் பணம் தரும். அப்படி இருந்தால் முதல் 20 நாள் முழுச் செலவு, 21 முதல் 100 வரை 2025 கணக்கில் நாளுக்கு 209.50 டாலர் நம் பங்கு. எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வயதானவர் ஒருவர் படுத்திருக்கும் கட்டிலுக்கு என்ன பெயர் என்பதை வைத்து அவருடைய சிகிச்சையைத் தீர்மானிப்பது நியாயமே இல்லை. கடைசியில் வீட்டுக்கே நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வரும் ஹோம் ஹெல்த் உதவியைக் கேட்டு வாங்கினோம். டாக்டர் உத்தரவும், வீட்டைவிட்டு வெளியே போவது கடினம் என்ற நிலையும் இருந்தால் போதும், அதற்கு மூன்று நாள் விதி இல்லை, நாம் கட்டுவதும் ஒன்றுமில்லை. யாராவது மருத்துவமனையில் இருந்தால் தினமும் கேளுங்கள்: "இன்பேஷன்ட்டா, அப்சர்வேஷனா?"

இனி மாமியார் கதை. மகன் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் வந்தவர், இங்கே வேலை செய்ததில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து வசித்த பிறகு பார்ட் பி-யில் சேரலாம், பார்ட் ஏ-வை விலைக்கு வாங்கலாம். முழு விலை 2025-இல் மாதம் 518 டாலர். மெடிகெய்டுக்கு விண்ணப்பித்தால் ஸ்பான்சர் செய்தவருடைய வருமானத்தையும் கணக்கில் சேர்க்கலாம். குடியுரிமை வாங்கியதும் அந்தத் தடை போய்விடும், மகன் வீட்டில் இருந்தாலும் மகனுடைய சம்பளத்தைப் பார்ப்பதில்லை. பாட்டியம்மா தேர்வுக்குப் படித்துக் குடியுரிமை வாங்கினார். ஆனால் விண்ணப்பம் போடச் சொன்னபோது, "இத்தனை வயசுக்கு மேல அரசாங்கத்துக்கிட்ட கையேந்தணுமாடா?" என்று மகனிடம் வருத்தப்பட்டார். கையேந்துவது அல்ல, சட்டம் தரும் உரிமை என்று புரியவைக்கக் கொஞ்ச நாள் பிடித்தது.

இப்போது மாநிலமே அவருடைய மெடிகேர் பிரீமியத்தைக் கட்டுகிறது. கியூஎம்பி என்ற இந்த உதவி இருப்பவரிடம் மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கு 20 சதவீதத்தை டாக்டர் கேட்கக் கூடாது. ஒரு கிளினிக் பில் அனுப்பியபோது இதைச் சொல்லியே திருப்பி அனுப்பினோம். மெடிகேர் ஒருபோதும் தராத நீண்டகாலப் பராமரிப்பை மெடிகெய்ட் தருகிறது. வீட்டுக்கு வந்து குளிக்க, உடை மாற்ற உதவும் பெண் இல்லாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம்.

குறைகளும் உண்டு. சொத்து வரம்பு பல மாநிலங்களில் தனி ஆளுக்கு 2,000 டாலர்தான். முதியோர் இல்லச் செலவு கேட்டால், பெரும்பாலான மாநிலங்கள் கடந்த ஐந்து வருடத்தில் யாருக்காவது பணமோ வீடோ கொடுத்தீர்களா என்று பார்க்கும். இறந்த பிறகு விட்டுச்சென்ற சொத்திலிருந்து செலவைத் திரும்பக் கேட்கவும் செய்யும். தகுதியைத் திரும்பச் சரிபார்க்கும் கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால் தகுதி இருந்தும் பெயர் நீங்கிவிடும். கொரோனா காலத்தில் யாரையும் நீக்கக் கூடாது என்றிருந்த பாதுகாப்பு முடிந்து 2023 ஏப்ரலில் மறுபரிசீலனை தொடங்கியபோது பெயர் நீங்கியவர்களில் பெரும்பாலோர் இப்படிக் காகிதக் காரணத்தால் போனவர்கள்தான். வீடு மாறினால் முதலில் மெடிகெய்ட் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் மெடிகேர் செல்லாது. பிளான் ஜி போன்ற சில மெடிகேப் திட்டங்கள், பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் தரும், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். மூன்று நான்கு மாதம் தங்குவதானால் தனிப் பயணக் காப்பீடு எடுத்துவிடுகிறோம்.

சந்தேகம் வந்தால் ஏஜென்டைத் தேடுவதற்கு முன், ஷிப் என்ற இலவச ஆலோசனை மையத்தைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு. அவர்கள் எதையும் விற்பதில்லை. மெடிகேரின் சொந்த எண் 1-800-633-4227. இங்கிலீஷ் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணம் இல்லை.