தகரச் சுவர் ஓட்டையும் கண்ணாடி அரியமும்

மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். புத்தகத்தில் அரியத்தின் படம் இருக்கிறது, அதுதான் வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடிக் கட்டை, ஆனால் கையில் வைத்துப் பார்த்ததில்லை. மல்லாவியிலிருந்து வவுனியாவுக்குப் போன ஒரு நாள் 1,850 ரூபாவுக்கு இதை வாங்கி வந்தேன். முக்கோண முகம், ஒவ்வொரு பக்கமும் 2.5 சென்ரிமீற்றர், நீளம் 5 சென்ரிமீற்றர்.

இது எங்களுக்கு இரண்டாவது அரியம். முதலாவதைக் கண்ணாடி என்று சொல்லித்தான் ஒரு கடையில் தந்தார்கள். துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்தபோதுதான் பிளாஸ்ரிக் என்று விளங்கியது. பிள்ளையின் படிப்புக்கு என்று கேட்டு வாங்கின சாமானில் இப்படிச் செய்தது எனக்கு இன்னும் மனவருத்தம். வாங்கப் போகிறவர்கள் நிறுத்துப் பாருங்கோ. நகை வேலை செய்யும் ஒருவரின் தராசில் இரண்டையும் வைத்தோம். அளவு ஒன்றுதான், ஆனால் கண்ணாடி 34 கிராம், மற்றது 16 கிராம்.

பெட்டிக்குள் எப்படிப் பாவிப்பதென்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. முதல்நாள் முற்றத்து வெயிலில் பிடித்துவிட்டு, "ஒண்டும் வடிவாத் தெரியேல்லை அம்மா" என்று மகள் முகம் வாடிப்போனாள். குறை அரியத்தில் இல்லை. அதற்கு இருட்டு வேணும், மெல்லிய ஒரு கதிர் வேணும்.

எங்கள் குசினி தகரக் கொட்டில். கிழக்குப் பக்கத் தகரத்தில் பழைய ஆணி ஓட்டை ஒன்று. காலமை ஏழரைக்கு அதற்குள்ளால் வெயில் கம்பிபோல இறங்கும், அடுப்புப் புகையில் அந்தக் கம்பி முழுவதும் தெரியும். கதவைச் சாத்தி, யன்னலுக்குச் சாக்குக் கட்டி, ஸ்ரூலில் அரியத்தை நிமிர்த்தி வைத்து மெதுவாகத் திருப்பினோம். கதிர் பக்கவாட்டில் முறிந்து போனது. மூன்று மீற்றர் தள்ளி மகள் பிடித்திருந்த சுளகில் நிறங்கள் விழுந்தன. ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் அகலம். ஒரு கரையில் சிவப்பு, மறு கரையில் ஊதா, நடுவில் பச்சை கொழுந்து வெற்றிலைபோலப் பளிச்சென்று. செம்மஞ்சள் மெல்லிய கீற்றுத்தான், தேடித்தான் பார்க்க வேணும். பூமி சுற்றுவதால் கொஞ்ச நேரத்தில் நிறங்கள் சுளகை விட்டு நகர்ந்துவிடும், பிள்ளை சுளகோடு பின்னால் போனாள்.

காரணம் இதுதான். கண்ணாடிக்குள் ஒளி வேகம் குறையும், எல்லா நிறத்துக்கும் ஒரே அளவாகக் குறையாது. எவ்வளவு குறைகிறது என்று காட்டும் எண்தான் முறிவுச்சுட்டி, சாதாரண கண்ணாடியில் அது சிவப்புக்கு 1.51 அளவு, ஊதாவுக்கு 1.53 அளவு. அந்தச் சின்ன வித்தியாசத்தால் ஊதா கூடுதலாக வளைகிறது. யன்னல் கண்ணாடியில் இரண்டு முகமும் சமாந்தரம், அதனால் உள்ளே போகும்போது வளைந்தது வெளியே வரும்போது நிமிர்ந்துவிடும். அரியத்தின் முகங்கள் சாய்வு, பிரிந்தது பிரிந்ததுதான்.

ஏமாந்து வாங்கின பிளாஸ்ரிக்கும் பிறகு உதவியது. கடதாசி மட்டையில் துளை போட்டு, சிவப்பை மட்டும் விட்டு, அதன் வழியில் பிளாஸ்ரிக் அரியத்தை வைத்தோம். கீறல்களால் ஓரம் கலங்கல், ஆனாலும் சிவப்பு சிவப்பாகவே வந்தது, வேறு நிறம் ஒன்றும் பிறக்கவில்லை. நிறத்தைக் கண்ணாடி உண்டாக்கவில்லை, வெள்ளொளியில் இருந்ததைத்தான் பிரிக்கிறது என்பதற்கு நியூற்றன் 1672இல் எழுதிக் காட்டிய சான்று இதே மாதிரியானதுதான். அவர் யன்னல் பலகையில் துளை போட்டு, 22 அடி தள்ளியிருந்த சுவரில் நிறங்களை விழுத்தினார். எங்கள் குசினிக்கு அவ்வளவு நீளம் கிடையாது.

எல்ஈடி ரோச்சிலும் பாருங்கோ. வெயிலைப்போல ஒரே சீராக வராது. நீலம் தடித்து நிற்கும், அதற்கும் பச்சைக்கும் இடையில் மங்கும்.

குறைகள்: விளிம்புகள் கூர், சின்னப் பிள்ளைகளிடம் தனியே குடுக்க வேண்டாம். ஒரு மூலை வரும்போதே அரிசிமணி அளவுக்கு உடைந்திருந்தது, நிறத்துக்கு அதனால் பாதிப்பில்லை. விரல் பட்டால் மங்கும், பழைய பருத்திச் சேலைத் துண்டு போதும். அரியத்துக்குள்ளால் சூரியனைப் பார்க்கவே கூடாது. மாரிகாலம் முகிலாக இருந்தால் நாள்கணக்காக ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தகரத்தை மாரிக்கு முதல் மாற்ற இவர் வெளிக்கிட்டார். "சோதினை முடியட்டும் அப்பா" என்று மகள் மறித்துப்போட்டாள். இப்போது மழைக்கு ஓட்டையில் சவர்க்காரம் அப்பி வைத்திருக்கிறோம், வெயில் கண்டதும் ஈர்க்கால் குத்தித் திறக்கிறாள்.