வெள்ளைச் சுறாவைக் கூண்டிலிருந்து பார்க்க: கான்ஸ்பாயா, போர்ட் லிங்கனா?

கடலில் இறக்கிய கம்பிக் கூண்டுக்குள் நின்று வெள்ளைச் சுறாவைப் பார்க்க மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் அலசிப் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள்: தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய், தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுறாதான் முக்கியம் என்றால் போர்ட் லிங்கன். கான்ஸ்பாய்க்குப் போக வேறு நல்ல காரணங்கள் உண்டு, ஆனால் அவை வேறு காரணங்கள்.

பழைய காணொளிகளில் கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீரில் சுறா மிதந்து வருமே, அது பெரும்பாலும் மெக்சிகோவின் குவாடலூப் தீவு. அங்கே சுறாச் சுற்றுலாவை 2023 ஜனவரியில் அரசே மூடிவிட்டது. நியூசிலாந்தின் ஸ்டூவர்ட் தீவுப் பக்கமும் சுறாக்கள் உண்டு. ஆனால் தூரமும் குளிரும் அதிகம்; முதல் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

கான்ஸ்பாய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னமும் பலர் பழைய பேரை நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள். கேப் டவுனிலிருந்து சாலையில் இரண்டு, இரண்டரை மணி நேரம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் டையர் தீவு. பக்கத்துப் பாறையில் கடல்நாய்க் கூட்டம், அதைத் தின்ன வெள்ளைச் சுறாக் கூட்டம் என்று உலகமே அங்கே வந்தது. வெள்ளைச் சுறாவை முதன்முதலில், 1991-லேயே சட்டம் போட்டுக் காத்த நாடும் அதுதான். அப்புறம் 2017-இல் நிலைமை மாறியது. கரையில் செத்து ஒதுங்கிய சுறாக்களில் ஈரலைக் காணோம். வேலை ஓர்காத் திமிங்கலங்களுடையது. போர்ட், ஸ்டார்போர்ட் என்று அங்கே பெயர் வைத்திருக்கும் ஒரு ஜோடி, முதுகுத் துடுப்பு மடங்கியவை. சுறா ஈரலில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று நாகப்பட்டினத்து மீனவ ஊரான அக்கரைப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரலை மட்டும் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடுகின்றன. ஓர்கா வந்த இடத்தை விட்டு வெள்ளைச் சுறாக்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் விலகிவிடுகின்றன. இப்போது கான்ஸ்பாய்ப் படகுகளைச் சுற்றி வருவது பெரும்பாலும் வெண்கலச் சுறா. அதுவும் அழகான மீன்தான். ஆனால் நீங்கள் தேடிப் போனது அதை அல்ல.

சுறா வராவிட்டால் இன்னொரு நாள் இலவசமாக வரச் சீட்டு தரும் படகுக்காரர்கள் அங்கே உண்டு. கேப் டவுன்காரருக்கு அது சரி, சீர்காழியிலிருந்து போனவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தென்னாப்பிரிக்காதான் என்று முடிவு செய்திருந்தால் கிழக்கே தள்ளி இருக்கும் மோசல் பேயை விசாரியுங்கள். ஓர்காத் தொல்லை அங்கேயும் எட்டிவிட்டது, ஆனாலும் கான்ஸ்பாயைவிட வாய்ப்பு அதிகம்.

போர்ட் லிங்கனிலிருந்து போகும் நெப்டியூன் தீவுகள், ஆஸ்திரேலியாவில் கூண்டு இறக்க அனுமதியுள்ள ஒரே இடம். 1963-இல் வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டுப் பிழைத்த ராட்னி ஃபாக்ஸ், பிறகு அதே மீனைப் பார்க்கக் கூண்டு செய்து இறங்கினார். இந்தத் தொழிலே அவரிடமிருந்து தொடங்கியது என்பார்கள். வருடம் முழுவதும் சுறா உண்டு. மே முதல் ஆகஸ்ட் வரை பெரிய பெண் சுறாக்கள் வரும் காலம். குறை என்று பார்த்தால் கடல்தான். படகில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், அதுவும் அலை அடிக்கும் திறந்த கடலில். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டே போங்கள். பணமும் கான்ஸ்பாயைவிட நன்றாகவே கூடுதல்.

கூண்டுக்குள் இரண்டு இடமும் ஒன்றல்ல. கான்ஸ்பாயில் கூண்டு படகின் பக்கவாட்டில் கட்டியிருக்கும், உங்கள் தலை தண்ணீருக்கு மேலே. கயிற்றில் கட்டிய மீன் தலையை ஒருவர் இழுத்தபடி நிற்பார். சுறா நெருங்கியதும் கத்துவார். மூச்சைப் பிடித்து, கம்பியைப் பற்றி உள்ளே முங்க வேண்டும். காவிரிப் படித்துறையில் முங்கு நீச்சல் பழகியவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை. ஆனால் தண்ணீர் பல நாள் கலங்கலாக இருக்கும். சுறாவின் மூக்கு தெரிவதற்கும் வால் மறைவதற்கும் இடையில் சில நொடிதான். நெப்டியூனில் படகிலிருந்து குழாயில் காற்று வரும், அதனால் கீழேயே நிற்கலாம். தண்ணீர் பெரும்பாலும் தெளிவு. தூரத்தில் ஒரு நிழலாகத் தெரிந்து, வயிற்று வெள்ளை புலப்பட்டு, கருவிழி உங்களைப் பார்த்தபடி கம்பிக்கு அருகே கடந்து போகும்வரை முழுசாகப் பார்க்கலாம். எனக்கு இந்த ஒன்றுக்காகவே கூடுதல் பணம் தகும்.

மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: மாஸ்க் ஓரம் மீசை வழியாகத் தண்ணீர் கசியும், கொஞ்சம் வாஸலின் தடவினால் அடங்கும். மூக்குக் கண்ணாடி மாஸ்க்குக்குள் போடவே முடியாது. இரண்டு இடத்திலும் தண்ணீர் நமக்குக் கடுங்குளிர். கனமான ரப்பர் உடை அவர்களே தருவார்கள்.

காலம் பார்த்தால், தை அறுவடை முடிந்து மேட்டூர் திறக்கும்வரை நமக்கு ஓய்வு. கான்ஸ்பாயின் நல்ல பருவமோ மே முதல் செப்டம்பர். அதில் பெரும்பகுதி குறுவை போடும் வீட்டுக்கு ஒத்துவராது. போர்ட் லிங்கனில் வருடம் முழுவதும் சுறா உண்டு; பெரிய பெண் சுறாக்கள் வரத் தொடங்கும் மே மாதமே போகலாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து அடிலெய்டு, பிறகு ஒரு மணி நேரத்துக்குள் சின்ன விமானம். காற்று அடித்தால் படகு ரத்தாகும், அதனால் போர்ட் லிங்கனில் இரண்டு நாளாவது கையிருப்பாக வைத்து, திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள்.