நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல்: நம்பிப் போய்வரும் ஒருத்தியின் அனுபவம்

தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் ஓடும் இந்தக் கப்பலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகப் போங்கள், ஆனால் திரும்பும் நாளுக்கு மறுநாளே வேலை, திருமணம் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

என் அக்கா குடும்பம் 1990இல் அகதியாகப் படகேறிப் போனது. இப்போது திருச்சியில் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் இருக்கிறேன். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர்தான். அப்படியிருந்தும் அக்காவைப் பார்க்க எத்தனையோ வருடம் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறினோம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் சென்னையில் இறங்கிய பிறகு திருச்சிக்கு இன்னொரு நெடும்பயணம் காத்திருக்கும். கப்பலில் மத்தியானம் புறப்பட்டால் அன்றிரவே அக்கா வீட்டில் படுக்கலாம்.

பயணம் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 150 பேர் அமரக்கூடிய, குளிரூட்டிய சிறு கப்பல். பங்குனி, சித்திரையில் கடல் குளம்போலக் கிடக்கும். பிள்ளைகள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வருவார்கள். ஆவணியில் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும்போது கதையே வேறு. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும் கூட்டத்தோடு ஒருமுறை போனேன். பாதிப் பேர் பொலித்தீன் பையும் கையுமாகக் குனிந்திருக்க, பாசையூர் அம்மா ஒருவர் மட்டும் ஒரு கையில் செபமாலையோடு, வீட்டிலிருந்து நறுக்கிக் கொண்டுவந்த தேசிக்காயை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு போனார். "மணந்து பாருங்கோ, பிள்ளை, விழுங்க வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து என் கைப்பையிலும் தேசிக்காய் இருக்கிறது.

இந்தச் சேவை எப்படித் தட்டுத்தடுமாறி நிலைத்தது என்பதை அறிந்தால்தான் அதன் குறைகளும் புரியும். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கியது. ரயிலும் கப்பலும் இணைந்த அந்தப் பயணத்தைத்தான் நம் பெரியவர்கள் 'போட் மெயில்' என்பார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றது. போர் முடிந்து, 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு வழியில் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய அந்தக் கப்பல் ஆள் சேராமல் சில மாதங்களிலேயே நின்றுபோனது.

அதே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' 1982 முதல் 2004 வரை அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் இடையே பருவகாலச் சேவையில் ஓடியது. யார்மவுத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் இன்றும் போகிறது என்றால், அதற்கு நோவா ஸ்கோஷியா மாகாண அரசின் பணமே காரணம். 2009 முடிவில் மானியத்தை நிறுத்தினார்கள். 2014 வரை கப்பலே இல்லை. வருடத்தில் சில மாதம் மட்டும் ஓடும் கப்பல் டிக்கெட் காசை மட்டும் வைத்துப் பிழைக்காது என்பதை அவர்கள் பட்டுத்தான் உணர்ந்தார்கள்.

நம் வழியிலும் அதுதான் நடந்தது. 2023 அக்டோபர் 14 அன்று 'செரியாபாணி' என்ற கப்பல் புறப்பட்டது. மாரி தொடங்கவே ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். 2024 மே மாதம் மீண்டும் ஓடும் என்று சொல்லித் தள்ளித் தள்ளி, ஆகஸ்ட் 16 அன்றுதான் 'சிவகங்கை' என்ற கப்பல் வந்தது. இயக்கச் செலவுக்கு இந்திய அரசு மாதம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாவுக்கு மேல் ஒரு வருடத்துக்குக் கொடுக்க முன்வந்தது. கப்பலில் போகிறவர்களுக்கான புறப்பாட்டு வரியை இலங்கை குறைத்தது. அந்த நவம்பரிலும் மாரி நிறுத்தியது; 2025 பெப்ரவரியில் திரும்ப வந்தது. என்னைப் போன்றவர்கள் டிக்கெட் எடுக்க முடிவது இந்த மானியத்தால்தான். அதை வீண்செலவு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முப்பது வருடம் பிரிந்துகிடந்த குடும்பங்களுக்கு இது சாலை போட்டதற்குச் சமம்.

ஆனால் சிறு கப்பலால் வாடைக்காற்றைத் தாங்க முடிவதில்லை. எங்களுக்கு மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் சேவை இல்லை: சிதம்பரத்து மார்கழித் திருவாதிரைக்குக் கப்பல் இல்லை, நத்தாருக்கு இல்லை, தைப்பொங்கலுக்கும் இல்லை. பெரிய கப்பல் கொண்டுவரலாமே என்றால், நாகப்பட்டினம் துறைமுகம் கடுவையாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது, ஆழம் குறைவு. 2011இல் பெரிய கப்பல் இருந்தது, அதைத் தாங்கப் பணம் இல்லை. இப்போது பணம் இருக்கிறது, பெரிய கப்பலுக்கு இடம் இல்லை. காங்கேசன்துறையைத் திருத்த இந்தியா தரும் நிதி ஆறு கோடி டொலரைத் தாண்டுகிறது. அங்கே ஆழப்படுத்தும்போது நாகப்பட்டினத்தையும் சேர்த்து ஆழப்படுத்தினால்தான் பயன். மானியத்தையும் வருடாவருடம் நீட்டாமல் ஐந்து வருடத்துக்கு ஒரேயடியாக உறுதி செய்ய வேண்டும்.

புதிதாகப் போகிறவர்கள் மாசி முதல் ஆனிக்குள் போய்வாருங்கள். பொதி எடை விதி மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் விசாவில் நாகப்பட்டினம் வழியாக நுழைய அனுமதி உண்டா என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.