பராமரிப்பு உதவித்தொகை "வாங்கித் தரும்" ஆட்கள்: ஐயாயிரத்தோடு நிற்காத நஷ்டம்

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைப் பக்கம். நீல பேனா எழுத்து. "கார்டு 1500, டாக்டர் 2000, ஆபீஸ் 1500. மொத்தம் 5000. வந்தது 3000, பாக்கி 2000." தேதி இல்லை, பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. வியாசர்பாடியில், மூளை முடக்குவாதம் உள்ள 26 வயது மகனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தாயிடம் மிச்சமிருந்த ஒரே "ரசீது" இதுதான். "யக்கா, நீங்க பையனை விட்டுட்டு அலைய வேணாம், நான் பார்த்துக்கறேன். மாசம் மூவாயிரம் வரும்" என்று சொன்ன ஆள் ஏழு மாதம் கழித்து போனை எடுப்பதில்லை.

அந்தச் சீட்டில் கவனிக்க வேண்டிய வரி "டாக்டர் 2000". பணம் எந்த டாக்டருக்கும் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த வரி எழுதப்படுவதே வேறு காரணத்துக்கு. நாமும் லஞ்சம் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்பவர் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போகமாட்டார். தரகருக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது.

மூவாயிரம் என்பது முழுப் பொய்யும் இல்லை, ஆட்கள் நம்புவதற்கு அதுவே காரணம். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். 2023 ஜனவரி முதல் 1500-லிருந்து உயர்த்தப்பட்டது. அதிக உதவி தேவைப்படுபவரைக் கவனிக்கும் உதவியாளருக்கென்று 1000 ரூபாய் தனியாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மூவாயிரம். ஆனால் இவை இரண்டு வெவ்வேறு விண்ணப்பம், இரண்டு வெவ்வேறு தகுதி. முதல் தொகை கிடைத்தவருக்கெல்லாம் இரண்டாவது தானாக வராது.

2000 ரூபாய் எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடையாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற பிரிவில் 75 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோயிலிருந்து குணமானவர், முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, பார்கின்சன் போன்ற நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு என்று தனிப் பிரிவுகள் உண்டு. அவற்றுக்குச் சதவீத வரம்பு குறைவு. ஒரு காலில் மட்டும் போலியோ பாதிப்பு, 50 சதவீதம் என்று சான்று இருப்பவரிடம் போய் "2000 வாங்கித் தர்றேன்" என்று எவராவது சொன்னால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே பேசுகிறார்.

உதவியாளர் தொகையின் வேர் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பராமரிப்பாளர் என்பவர் யார் என்று சொல்லும்போதே அந்தச் சட்டம் பெற்றோரையும் குடும்பத்தாரையும் சேர்த்து, "சம்பளம் வாங்கியோ வாங்காமலோ" என்று சொல்கிறது. ஆக, "வெளியாள் வைத்தால்தான் கிடைக்கும், என் ஆளை உதவியாளராகக் காட்டுகிறேன், பாதி எனக்கு" என்று பேரம் பேசுபவரை வாசலோடு அனுப்பிவிடலாம். இங்கே பார்க்கப்படுவது சதவீதம் மட்டுமல்ல. குளிக்க, சாப்பிட, கழிவறை போக, படுக்கையில் புரட்டிவிட இன்னொருவர் எவ்வளவு தேவை என்பதுதான் கேள்வி. மருத்துவரிடம் போகும்போது "எல்லாத்துக்கும் நான்தான் சார்" என்று ஒரே வரியில் முடிக்காமல், ஒரு நாளில் எத்தனை முறை தூக்குகிறீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் பராமரிப்பவருக்கென்று மத்திய அரசு மாதச் சம்பளம் தரும் திட்டம் எதுவும் இல்லை. வாட்ஸப்பில் பிரதமர் படத்தோடு சுற்றும் "பராமரிப்பாளர் யோஜனா" இணைப்புகள், கூடவே வரும் ஏபிகே ஃபைல்கள் (தொட்டால் போனில் செயலியை ஏற்றிவிடும் ஃபைல்), எல்லாம் போனுக்குள் நுழைய வழி. வயதாகிப் படுத்துவிட்டார் என்பதற்காக மட்டும் பராமரிப்பாளர் தொகையும் வராது. பக்கவாதம் வந்தவருக்குக் குறைபாடு நிலையானது என்றால் சான்று கிடைக்கும், ஆனால் வழக்கமாக ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பீடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே "கார்டு போட்டுடலாம்" என்பவர் அட்வான்ஸுக்காக வந்தவர்.

இனி அந்த ஐயாயிரத்துக்கு மேலே ஏற்பட்ட நஷ்டம். நாம் பார்த்தவரை பெரிய சேதம் இதில்தான்.

முதலாவது, போன் நம்பர். தனித்துவ அடையாள அட்டைக்கு, அதாவது யுடிஐடிக்கு, ஸ்வாவ்லம்பன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது ஒரு கைபேசி எண் கேட்கும். தரகர் தன் எண்ணைப் போடுகிறார். ஓடிபி அவருக்கு, மருத்துவமனை தேதி அவருக்கு, அட்டை தயார் என்ற செய்தியும் அவருக்கு. குடும்பத்துக்கு விண்ணப்ப எண்கூடத் தெரியாது. பிறகு ஒவ்வொரு தகவலுக்கும் ஐநூறு, ஆயிரம். அட்டை தபாலில் வந்து மூன்று மாதமாக வேறு முகவரியில் கிடந்ததும் உண்டு. அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் ஒரு பைசா இல்லை. வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அரைமணி நேர வேலை: புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, எந்த அரசு மருத்துவமனை என்ற தேர்வு, கடைசியில் விண்ணப்ப எண். அந்த எண்ணை ரேஷன் கார்டு பின்னட்டையில் எழுதிவையுங்கள்.

இரண்டாவது, திட்டம் மாறிப்போவது. வியாசர்பாடி விஷயத்தில் இதுதான் நடந்தது. வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு, நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. முன்னதை சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பார்க்கிறார். பின்னதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. ஓய்வூதியம் 1500 ரூபாய், 2023-இல் உயர்ந்தது. தரகருக்கு இ-சேவை மையத்தில் ஓய்வூதிய விண்ணப்பத்தைத் தட்டிவிடுவது சுலபம், உடனே கையில் ஒரு ஒப்புகைச் சீட்டும் வரும், காட்டிக் காசு வாங்கலாம். ஆனால் ஓய்வூதியம் ஒருமுறை தொடங்கிவிட்டால், 2000 கேட்டுப் போகும்போது "நீங்க ஏற்கெனவே வாங்கறீங்களே" என்று திரும்ப அனுப்புவார்கள். அதை நிறுத்திய உத்தரவை வாங்கிக்கொண்டுதான் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மாதம் 500 ரூபாய் வித்தியாசம் ஒருபுறம், அலைச்சல் ஒருபுறம். எனவே கையில் இருக்கும் ஒப்புகைச் சீட்டில் துறையின் பெயரைப் படியுங்கள். "வருவாய்த்துறை" என்றிருந்தால் அது பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பம் இல்லை.

மூன்றாவது, கைரேகை. "கேஒய்சி பண்ணணும், பையன் விரலை வைங்க" என்று சின்ன மெஷினைக் கட்டிலுக்கே கொண்டுவருகிறார்கள். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல், இந்த மூன்றும் இருந்தால் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். ஓடிபியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். வைக்கும்போது "எரர்" வந்தது, மறுபடி வை என்றால் சந்தேகப்படுங்கள். மெஷின் திரையை நீங்கள் பார்த்துவிட்டுத்தான் விரல் வைக்க வேண்டும், துண்டுச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். ஆதார் தளத்திலோ எம்ஆதார் செயலியிலோ பயோமெட்ரிக் பூட்டு என்ற வசதி இருக்கிறது. பூட்டிவைத்துவிட்டுத் தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். அதே தளத்தில், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதையும் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாக இணைத்தது எதுவோ அங்கேதான் ஆதார் வழிப் பணம் போகும். "பணம் வரலை" என்று சொல்பவர்களில் பலருக்குப் பணம் மறந்துபோன பழைய கணக்கிலேயே கிடக்கும். தெரியாத ஆள் "புது கணக்கு ஆரம்பிச்சுத் தர்றேன்" என்று முன்வந்தால் அதை ஏற்கக் கூடாததும் இதனால்தான்.

சதவீதத்தை ஏற்றித் தருகிறேன் என்ற பேச்சும் உண்டு. 60-ஐ 80 ஆக்க இவ்வளவு என்று. யுடிஐடி அட்டையில் நிறமே சதவீதத்தைச் சொல்லும்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். பொய்ச் சான்று காட்டிச் சலுகை பெறுவதற்கு அதே 2016 சட்டம் 91-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மாட்டப்போவது தரகர் இல்லை, அட்டையில் பெயர் இருப்பவரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரும். சதவீதம் உண்மையிலேயே குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கு வழியிருக்கிறது. பழைய சிகிச்சைத் தாள்கள், ஸ்கேன், ஐக்யூ அறிக்கை எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டதா? அப்படியானால் தாயானாலும் சட்டப்படி காப்பாளர் இல்லை. இந்த இடைவெளியில் நோட்டரி கடைகள் பிழைக்கின்றன. 20 ரூபாய் முத்திரைத்தாளில் "நானே காப்பாளர்" என்று ஒரு அஃபிடவிட், 800 ரூபாய். வங்கி அதை வாங்காது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டப்படி காப்பாளர் சான்று தருகிறது. இந்தச் சான்றை வைத்து வங்கிக் கணக்கு திறக்கலாம், இயக்கலாம். சென்னையில் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகம். கையெழுத்து வைக்கத் தெரியாத பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கைத் திறந்துவிட்டு, பிறகு பணம் எடுக்க முடியாமல் நிற்பவர்கள் இந்தச் சான்றை முன்பே வாங்கியிருந்தால் நின்றிருக்க மாட்டார்கள்.

வருமான வரி கட்டும் குடும்பங்களைக் குறிவைக்கும் தனிக் கூட்டம் ஒன்று உண்டு, "ரீஃபண்ட் ஒண்ணேகால் லட்சம்" என்று. வருமான வரிச் சட்டத்தில் இருப்பது வருமானத்திலிருந்து கழிவு: 75,000, கடும் குறைபாட்டுக்கு 1,25,000. அவ்வளவு பணம் கைக்கு வராது, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும்தான் பொருந்தும். கமிஷன் அடிப்படையில் ரிட்டர்ன் போடுபவரிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

சரி, நாமே எப்படிப் போவது. நலத்துறை அலுவலகத்துக்குப் போகும்போது எடுக்க வேண்டியவை: மருத்துவச் சான்றோடு கூடிய அடையாள அட்டை, யுடிஐடி, இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இருவரின் புகைப்படம். எல்லாவற்றுக்கும் நகல், அசலை எந்தக் காரணத்துக்கும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு நகலின் மேலும் "பராமரிப்பு உதவித்தொகைக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிவிடுங்கள், அந்த நகல் லோன் ஆப்புக்குப் போகாது. நிரப்பாத படிவத்தில் கையெழுத்தோ ரேகையோ வேண்டாம். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று போன்றவற்றுக்கு 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீதில் அந்தத் தொகையைப் போடச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே அடங்கும். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போவதற்கு முன், அவர் நேரில் வர வேண்டுமா, புகைப்படம் போதுமா என்று போனில் கேட்டுக்கொள்வது நல்லது. "நேர்ல வரணும், நான் பேசி விலக்கு வாங்கறேன்" என்பதே தரகருக்குப் பாதி வியாபாரம்.

பெயர் எழுத்து ஒவ்வொரு ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். ஆதாரில் "எஸ்.முருகன்", பாஸ்புக்கில் "முருகன் எஸ்", அட்டையில் "முருகன்" மட்டும். ஃபைல் தேங்குவதற்கு இது மாதிரி அற்பக் காரணம்தான் பெரும்பாலும், மேலே யாரும் காசு எதிர்பார்த்து வைத்திருப்பதல்ல. தொகை தொடங்கிய பிறகு ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கேட்பார்கள், கொடுக்காவிட்டால் நின்றுபோகும். அப்போது "திரும்ப ஆக்டிவேட் பண்ண 1000" என்று அதே ஆள் வருவார்.

மாதக்கணக்கில் பதிலே இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள், அல்லது முதல்வரின் உதவி எண் 1100. அதுவும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத்தாள், பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "இந்தத் தேதியில் கொடுத்த இந்த எண் விண்ணப்பம் இன்று எந்த மேசையில் உள்ளது, நிராகரித்திருந்தால் அந்த உத்தரவின் நகல் தரவும்" என்று கேளுங்கள். 30 நாள் கெடு.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், ஜிபேயில் கொடுத்த பணத்துக்கு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே கூப்பிடுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் போன பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். அரசு ஊழியரே கேட்டிருந்தால் லஞ்ச ஒழிப்புத்துறை, 1064. புகாரில் அந்த அரைப் பக்கச் சீட்டையும் இணையுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் அந்தப் பேனா எழுத்து ஒருவருடையதுதானே. புகார் கொடுத்த கையோடு யுடிஐடி தளத்தில் கைபேசி எண்ணை மாற்றிவிடுங்கள். தரகரின் எண் அங்கே இருக்கும்வரை, அடுத்த ஓடிபியும் அவர் போனுக்குத்தான் போகும்.