வயசக் கேட்டுட்டு வயசப் பாக்காத ஆப்: உடம்பு அளக்கிற செட்டோட மூண்டு வருசம்

எனக்கு ரெண்டு பட்ச் கீழ படிச்ச தங்கச்சி ஒருத்தி மட்டக்களப்பில இருந்து போன கிழமை மெசேஜ் போட்டிருந்தாள், "அக்கா, நீங்க பாவிக்கிற அந்த உடம்பு அளக்கிற செட் இப்ப விலை குறைஞ்சு கிடக்கு, வாங்கட்டோ?" எண்டு. வொய்ஸில பதில் சொல்ல வெளிக்கிட்டன், ஏழு நிமிசம் தாண்டிட்டுது, இன்னும் ஆப்பைப் பற்றித் தொடங்கவே இல்ல. அதால எழுதிப் போடுறன். கொம்பனி பேர் போடேல்ல, இந்த வேலையில இருக்கிற ஆக்களுக்கு எதெண்டு விளங்கும்.

செட்டில என்ன இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே: டேப், பெரிசும் சின்னனுமா ரெண்டு கலிப்பர் (எலும்பிட அகலம் அளக்கிற கவ்வி), தராசு, அதோட போனில போடுற ஆப். நான் பிசியோ. காலையில திருகோணமலை டவுனுக்குள்ள கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒரு நேர்சரியில சின்னாக்கள் ஓடுறது பாயுறதைப் பாக்கிறன், பின்னேரம் உப்புவெளிப் பக்கம் வயசானவை கதிரையால எழும்புறதைப் பாக்கிறன். வீடியோ எடுத்து, மூட்டில எவ்வளவு சுமை விழுதெண்டு கணக்குப் பண்ணோணும். அதுக்கு ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு நீளம், எவ்வளவு பாரம், அந்தப் பாரத்திட நடு எங்க நிக்குது எண்டு தெரிஞ்சிருக்கோணும். தொடையைக் கழட்டித் தராசில வைக்கேலாதே, அதுக்குத்தான் இந்தச் சாமான்.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறன், இல்லாட்டி கோவத்தில மறந்துடுவன். டேப். ஐயோ அந்த டேப்! மெல்லிய இரும்புப் பட்டி, நுனியில ஒரு சாண் அளவுக்குக் கோடே இல்லாத வெறும் துண்டு விட்டுத்தான் சைபர் தொடங்குது. முதல் நாள் பாத்துட்டு இதென்ன வீணாக்கி வச்சிருக்கிறாங்க எண்டு நினைச்சன். அஞ்சு வயசுப் பிள்ளைட தொடையைச் சுத்தி அளந்து பாத்தாத்தான் அதிட அருமை தெரியும். பிள்ளை "கூசுது டீச்சர் கூசுது" எண்டு நெளியும், அந்த வெறும் துண்டை இடக்கைப் பெருவிரலால அமத்திப் பிடிச்சா சைபர்க் கோடும் அளவுக் கோடும் பக்கத்துப் பக்கத்தில வந்து நிக்கும், ஒரு பார்வையில வாசிச்சுட்டு விட்டுடலாம். தையல்கார டேப் மாதிரி இழுபட்டு நீளுறதும் இல்ல. ஒருக்கா பெரிய கலிப்பரை வச்சு ஒரு பொடியனிட முழங்கால் அகலம் எடுத்துக்கொண்டிருக்க கேற்றடியில மான் ஒண்டு வந்து நிண்டுது (எங்கட ஊரில இது புதினமில்ல, கோட்டைப் பக்கம் போனா கூட்டமா நிக்கும்). இருபத்திரண்டு பிள்ளையும் கேற்றுக்கு ஓட்டம், பொடியன் கலிப்பரோட ஓட்டம். அது சீமெந்தில விழுந்து ஸ்குரூ வளைஞ்சு போச்சு. வடகரை வீதியில சைக்கிள் கடை அண்ணா ஒருவர் சைக்கிளுக்குப் போடுற ஸ்குரூ ஒண்டைத் தேடிப் போட்டுத் தந்தார், 150 ரூபா. ஒறிஜினலை விட இறுக்கமா நிக்குது. உப்புக்காத்துக்குக் கறள் பிடிக்கும், கிழமைக்கு ஒருக்கா தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

இனி ஆப்.

உயரம், எடை, ஆணா பெண்ணா, வயசு எல்லாம் கேக்கும். குடுத்தா ஒரு நீலநிற மனுசப் படம் வந்து தலை இவ்வளவு கிலோ, தொடை இவ்வளவு கிலோ எண்டு வடிவாக் காட்டும். முதல் ஆறு மாசம் நானும் நம்பினன். பிறகு ஒருநாள் 18 கிலோ பிள்ளை ஒண்டுக்குத் தொடை சரியா 1.8 எண்டு வந்துது. அடுத்த நாள் 62 கிலோ மாமி ஒராளுக்கு 6.2. எனக்கு ஒருமாதிரி இருந்துது. அண்டைக்கு இரவு கரண்ட் இல்ல, வேற வேலையும் இல்ல, போனைத் தூக்கி எடை 100 எண்டு போட்டன். 100 போட்டா வாறது அப்பிடியே சதவீதம்தானே. தலையும் கழுத்தும் 8.1, நடு உடம்பு 49.7, தொடை 10, கீழ்க்கால் 4.65, பாதம் 1.45. வயசை 5 ஆக்கினன், மாறேல்ல. 75 ஆக்கினன், மாறேல்ல. பெண்ணை ஆணாக்கினன், அதுவும் மாறேல்ல! அப்ப ஏன்டா வயசக் கேக்கிற, பிறந்தநாளுக்கு கேக் அனுப்பப் போறியா?

அந்த இலக்கங்கள் பயோமெக்கானிக்ஸ் (உடம்பு அசையேக்க வாற விசைக் கணக்கு) படிச்ச எல்லாருக்கும் மனப்பாடம். 1955ல அமெரிக்க விமானப்படைக்காக டெம்ப்ஸ்டர் எண்டவர் எட்டே எட்டுப் பிரேதத்தை உறுப்பு உறுப்பா வெட்டி நிறுத்து எடுத்தார், அதில இருந்து வந்த பட்டியல். எட்டும் ஆம்பிளையள், எல்லாரும் அம்பது வயசு தாண்டின ஆக்கள். வேலையைப் பிழை சொல்லேல்ல, அந்தக் காலத்தில அதுவே பெரிய விசயம். ஆனா அதுக்குப் பிறகு எவ்வளவோ வந்துட்டுது. சோவியத்தில சட்சியோர்ஸ்கியும் ஆக்களும் காமாக் கதிரால உயிரோட இருக்கிறவையை ஸ்கான் பண்ணி, 100 ஆம்பிளை 15 பொம்பிளை எண்டு அளந்தாங்க. அதை டி லேவா எண்டவர் 1996ல மூட்டு நடுவில இருந்து கணக்குப் பாக்கிற மாதிரித் திருத்தினார். அதில தொடை ஆணுக்கு 14.16, பெண்ணுக்கு 14.78. பத்தும் பதினாலும் ஒண்டா? தொடையை எங்க வெட்டுறது எண்டதிலயும் வித்தியாசம் இருக்கு, அது எனக்கும் தெரியும், ஆனா சட்சியோர்ஸ்கி அளந்த ஆக்களும் விளையாட்டுப் படிச்ச இளம் ஆக்கள்தான், எங்கட நேர்சரிப் பிள்ளையும் இல்ல உப்புவெளி ஆச்சியும் இல்ல.

பிள்ளைட கதைக்கு வாறன், ஏனெண்டா இதிலதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. 18 கிலோவில 8.1 சதவீதம் எண்டா 1.46 கிலோ. அதுதான் தலையும் கழுத்தும் சேத்தாம். அஞ்சு வயசில மூளை மட்டுமே ஏறக்குறைய பெரியாக்கள்ட அளவுக்கு வந்துடும், 1.2 கிலோவுக்குக் கிட்ட இருக்கும். அப்ப மண்டையோடு, நாடி, நாக்கு, பாற்பல், கண் ரெண்டு, கழுத்து, தலைமுடி, நேர்சரிக்குக் கட்டிவிட்ட ரிபனும் சேத்து கால் கிலோவா? பிறக்கேக்க பிள்ளைட உயரத்தில காவாசி தலைதான், வளந்தாப் பிறகு ஏழில ஒண்டு எட்டில ஒண்டுதான் வரும். ஜென்சன் எண்டவர் பொடியங்களைப் போட்டோ எடுத்து, உடம்பை நீள்வட்டத் தட்டுத் தட்டா அடுக்கின மாதிரிக் கணக்குப் பண்ணி 80கள்லயே சொல்லிட்டார், வயசு ஏற ஏறத் தலைட பங்கு குறையும், தொடைட பங்கு கூடும் எண்டு. தலை பாரமெண்டபடியாத்தான் சின்னாக்கள் ஓடேக்க குப்புற விழுறது, அது எங்கட அம்மம்மாமாருக்கும் தெரியும். ஆப்புக்குத் தெரியாது. அதுக்கு அஞ்சு வயசுப் பிள்ளை எண்டா சுருங்கின ஒரு அமெரிக்க மாமா.

வயசானவைட பக்கம் இன்னும் மோசம். அங்க எடையில மட்டுமில்ல, உயரத்திலயே பிழை தொடங்குது. ஆச்சி ஒராள் இருக்கிறா, வயசென்ன எண்டு கேட்டா "64ம் ஆண்டுப் புயலுக்கு எனக்குப் பத்து வயசு மகள்" எண்டுவா. முதுகு நல்லாக் கூனிட்டுது. நிக்க வச்சு அளந்தா 146 வருது. ஆப் அந்த 146ஐ 0.245 ஆல பெருக்கித் தொடை நீளம் 35.8 எண்டுது. ஆச்சிட முதுகு குறுகினதுக்குத் தொடையெலும்பு என்ன பாவம் செய்தது? நான் சேலைக்கு மேலால இடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு நிக்கிற தொடையெலும்பு முனையைத் தடவிப் பிடிச்சு (ஆச்சி "என்ன பிள்ளை, காசைத் தேடுறியா, முடிச்சு மற்றப் பக்கம்" எண்டு சிரிச்சா) டேப்பால அளந்தன், 38. மூண்டு தரம் அளந்தன், மூண்டும் அரைச் சென்ரிமீற்றருக்குள்ள. பிறகு பிளாஸ்ரிக் கதிரையில இருத்தி முழங்கால் உயரம் எடுத்தன், 46. 1985ல சம்லியாவும் ஆக்களும் போட்ட சமன்பாடு ஒண்டு இருக்கு, பொம்பிளையளுக்கு 84.88இல இருந்து வயசை 0.24 ஆல பெருக்கிக் கழிச்சு, முழங்கால் உயரத்தை 1.83 ஆல பெருக்கிக் கூட்டோணும். ஆச்சிக்கு 70 வயசெண்டு வச்சா 152 வருது. அதுவும் அமெரிக்க வயசானவையை வச்சுப் போட்டதுதான், எங்கட ஆக்களுக்கு அப்பிடியே பொருந்துமெண்டு சத்தியம் பண்ணமாட்டன், ஆனா ஆறு சென்ரிமீற்றர் எங்க போச்செண்டாவது கேக்க வைக்குது.

பாரமும் அப்பிடித்தான். வயசு போகக் கைகால் மெலியும், நடு உடம்பிட பங்கு கூடும். கதிரையால எழும்பேக்க முதல்ல முன்னுக்குக் குனிஞ்சுதானே எழும்புறம், அந்த நேரம் இடுப்பு மூட்டில விழுற சுமையைக் கணக்குப் பண்ண நடு உடம்பிட பாரம்தான் முக்கியம். அதையே பிழையாத் தந்தா நான் என்னத்தை எழுதுறது?

சரி, நியாயமாவும் கதைக்கோணும். ஆச்சி மெதுவா நடக்கேக்க, கால் நிலத்தில ஊண்டியிருக்கிற நேரம் கணுக்கால் சுமையைப் பாத்தா இந்தப் பிழை பெரிசாத் தெரியாது, ஏனெண்டா நிலம் திருப்பித் தள்ளுற விசைதான் அங்க பெரிசு. காலை வீசுற நேரம், பிள்ளையள் ஓடுறது உதைக்கிறது, குனியிறது எழும்புறது, இங்கதான் காலை வாரும். அதால வளந்த ஆக்கள்ட சாதாரண நடையை மட்டும் பாக்கிறவைக்கு இந்த ஆப் போதும் எண்டுதான் சொல்லுவன். ஆனா பெட்டியில சிரிச்சுக்கொண்டு நிக்கிறது ஒரு குழந்தையும் ஒரு தாத்தாவும்!

கொம்பனிக்கு ரெண்டு தரம் ஈமெயில் போட்டன், 100 கிலோ விசயத்தைப் படத்தோட. "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, அடுத்த அப்டேட்டில் கவனிக்கிறோம்" எண்டு பதில் வந்துது. அடுத்த அப்டேட்டும் வந்துது. நீல மனுசன் பச்சை ஆயிட்டான்.

இப்ப நான் செய்யிறது இதுதான். ஆப்பைத் திறக்கிறதே இல்ல. சீஆர் கொப்பியில கோடு கீறி, நீளமெல்லாம் டேப்பால நேர எடுக்கிறன், மூண்டு தரம், நடு இலக்கத்தை எழுதுறன். உயரம் காலையில பத்து மணிக்கு முன்னம், பின்னேரமாக முதுகு அமந்து ஒரு சென்ரிமீற்றர் அளவு குறைஞ்சுடும், கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில பத்துக்குப் பிறகு பிள்ளையளும் சோந்துடுங்கள். பிறகு லப்டொப்பில நானே போட்ட எக்செல் ஷீட்: பிள்ளையளுக்கு ஜென்சன்ட பங்கு, பெரியாக்களுக்கு டி லேவா, வயசானவைக்கு அவையையே அளந்து எழுதின கட்டுரையள்ல இருந்து எடுத்தது. ஒராளுக்கு இருபது நிமிசம் போகுது. ஆப் எண்டா இருபது செக்கன்.

தங்கச்சி, உனக்கு நேரடியாச் சொல்லுறன், வாங்காத. சின்னாக்களுக்கும் வயசானவைக்கும் எண்டு சொல்லி விக்கிற சாமான், அவை ரெண்டு பேரையும்தான் அதுக்குத் தெரியாது. காசு குடுத்து வாங்கிட்டு நான் கொப்பியில எழுதிக்கொண்டிருக்கிறன், இதில என்ன சீர்.

டேப் மட்டும் தனிய விப்பாங்களோ எண்டு கொழும்பில இறக்குமதி பண்ணுற ஆக்களிட்டக் கேட்டுப் பாத்தன், இல்லையாம், செட்டாத்தான் தருவாங்களாம். என்ர டேப்பில 40க்குக் கிட்ட இலக்கம் அழியத் தொடங்கிட்டுது, அதுதான் ஆச்சிமாற்ற தொடை வாற இடம். விலை எவ்வளவுக்கு இறங்கியிருக்கெண்டு வடிவாக் கேட்டுச் சொல்லு. சரியெண்டா எனக்கும் ஒண்டு சேத்து எடு.