எஃப்எம் இடத்தை நிரப்புமா ஆன்டெனாபாட்? சென்னைக் காதுகளுக்கான ஒரு மதிப்பீடு

ஆண்ட்ராய்டு போனில் பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியாகும் ஒலி நிகழ்ச்சி, கேட்க எத்தனையோ செயலிகள் இருக்கின்றன. வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது ஆன்டெனாபாட். இலவசம், விளம்பரம் கிடையாது. கணக்கு தொடங்கச் சொல்லாது, போன் நம்பரோ மின்னஞ்சலோ கேட்காது. தன்னார்வலர்கள் சேர்ந்து பராமரிக்கும் திறந்த மூல மென்பொருள் இது. கூகுள் பிளே ஸ்டோரிலும், திறந்த மூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டிலும் கிடைக்கிறது.

ஆனால் நிறுவிய கையோடு அப்படியே விட்டுவிட்டால் சீக்கிரமே அலுத்துவிடும். வானொலியின் பெரிய பலமே, போட்டால் ஏதாவது ஒன்று பேசும் என்பதுதான். எதைக் கேட்பது என்று நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்தச் சுகம் இந்தச் செயலியிலும் கிடைக்கும், ஆனால் முதலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அமைக்க வேண்டும். எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி.

சென்னைக்கு வானொலி புதிதல்ல. மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924-லேயே இங்கே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. நாட்டின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலையில் நடந்ததும் இதே ஊரில்தான். அப்படிப்பட்ட ஊரில் இன்று தனியார் எஃப்எம் பக்கம் போனால் பெரும்பாலும் சினிமாப் பாட்டும் விளம்பரமும்தான். இதற்கு ரசனையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப உரிம விதிகள் இடம் தருவதில்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்ய மட்டுமே அனுமதி. பேச்சுக்காகவே வானொலி கேட்டவர்களுக்கு இருந்த இன்னொரு துணையும் போயிற்று: பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-உடன் நின்றது. அரசியல், வரலாறு, இலக்கியம், அறிவியல் என்று அரை மணி நேரம் நிதானமாகப் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் இன்று போக வேண்டிய இடம் பாட்காஸ்ட்தான்.

இன்னொரு காரணம் கருவி. போனில் எஃப்எம் கேட்க வயர் உள்ள இயர்போன் வேண்டும், அந்த வயர்தான் ஆன்டெனா. இப்போது வரும் பல போன்களில் இயர்போன் துளையே இல்லை, எஃப்எம் வசதியும் இல்லை. மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை தாண்டி சைதாப்பேட்டை வரை சுரங்கத்துக்குள் போகும்போது எஃப்எம் அலை எட்டாது, மொபைல் டேட்டாவையும் நம்ப முடியாது. முன்கூட்டியே இறக்கி வைத்த கோப்புக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

ஆன்டெனாபாட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதன் பலமும் குறையும் ஒருசேரத் தெரியும். ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை என்று ஒரு முகவரி உண்டு. புது அத்தியாயம் வந்தால் அதன் தலைப்பும் ஒலிக்கோப்பின் முகவரியும் அந்த ஓடையில் சேரும். செயலி அதை அவ்வப்போது போய்ப் பார்த்து, கோப்பை நேராகத் தயாரிப்பாளரின் சர்வரிலிருந்து எடுக்கிறது. நடுவில் எந்த நிறுவனமும் இல்லை. 2024-ல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோது பலர் இதைக் கவனித்திருப்பார்கள். செயலி போனாலும் நிகழ்ச்சிகள் போகவில்லை. சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்து வேறு செயலியில் போட்டதும் எல்லாம் திரும்ப வந்தன.

குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஓடை இல்லாத நிகழ்ச்சி ஆன்டெனாபாடுக்குத் தெரியவே தெரியாது. தமிழில் நல்ல உரையாடல்கள் நிறைய யூடியூபில் மட்டும் வெளியாகின்றன. அவற்றை இதில் கேட்க வழியில்லை. ஸ்பாட்டிஃபையில் மட்டும் இருக்கும் நிகழ்ச்சிகளும் அப்படியே. ஸ்பாட்டிஃபையின் இலவசச் சேவையில் பாட்காஸ்ட் ஏற்றும் சிலர் ஆர்எஸ்எஸ் வசதியை இயக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதனால் வெளியே யாருக்கும் அது போய்ச் சேருவதில்லை. தமிழில் பாட்காஸ்ட் செய்பவர் யாரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து அந்த ஒரு பொத்தானை இயக்கிவிடுங்கள்.

தேடும்போதும் ஒரு சங்கதி. தமிழ் நிகழ்ச்சிகளின் பெயர் சிலவற்றில் தமிழ் எழுத்திலும் சிலவற்றில் ஆங்கில எழுத்திலும் பதிவாகியிருக்கும். ஒரு வகையில் தேடிக் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் தேடும் இடத்தை மாற்றுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் அடைவு, பாட்காஸ்ட் இண்டெக்ஸ் இரண்டிலும் தனித்தனியாகத் தேட இந்தச் செயலி விடுகிறது. ஒன்றில் இல்லாதது மற்றதில் கிடைப்பது அடிக்கடி நடக்கும். நிகழ்ச்சியின் இணையதளத்தில் ஆர்எஸ்எஸ் முகவரி இருந்தால் அதை நேரடியாகவே ஒட்டலாம். ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் மாதிரி, வானொலியில் ஒலிபரப்பியதையே பாட்காஸ்டாகவும் தரும் சேவைகளிலிருந்து தொடங்குவது வானொலிக்காரர்களுக்கு எளிது.

இப்போது அமைப்பு. முதல் வேலை, தானாக இறக்கும் வசதியை இயக்குவது. இது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய் அதை இயக்குங்கள். ஓடைகளைப் புதுப்பிக்கும் இடைவெளியை 4 மணி நேரமாக வையுங்கள். மொபைல் டேட்டாவுக்கான அனுமதிகளில் ஓடைப் புதுப்பிப்பை மட்டும் இயக்கி வைத்துவிட்டு, தானாக இறக்குவதை வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 58 எம்பி. 64 கேபிபிஎஸ் என்றால் 29 எம்பி. நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு முதல் தரத்தில் 115 எம்பி ஆகிவிடும். அதை வீட்டு வைஃபையில் இரவே முடித்துக்கொண்டால், காலையில் பால் பாக்கெட் மாதிரி வாசலில் காத்திருக்கும்.

அடுத்தது எல்லாரும் தடுக்கி விழும் இடம். போனில் இருக்கக்கூடிய அத்தியாயங்களுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, வழக்கமாக 25. 45 நிமிட அத்தியாயங்கள் 25 என்றால் 128 கேபிபிஎஸ் தரத்தில் சுமார் ஒரு ஜிபி. இந்த வரம்பு நிரம்பியதும், பழையதை அழிக்க அனுமதி தராமல் வைத்திருந்தால், தானாக இறக்குவது சத்தமில்லாமல் நின்றுவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ‘புது அத்தியாயம் வருவதே இல்லை, செயலி கெட்டுவிட்டது’ என்று பலர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. கேட்டு முடித்ததும் கோப்பை அழிக்கும் வசதியை இயக்குங்கள். பாதுகாக்க நினைக்கும் அத்தியாயத்துக்கு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு, அப்படிக் குறித்தவற்றை அழிக்காமல் விடும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

இதையெல்லாம் சரியாக அமைத்தும் இரவில் எதுவும் இறங்கவில்லையென்றால் தவறு போனின் பேட்டரிச் சேமிப்பில் இருக்கும். பல போன்கள், திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. போனின் செட்டிங்ஸில் ஆன்டெனாபாடைத் தேடி, பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்ற வேண்டும். தானாகத் தொடங்கும் அனுமதி என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒலி திடீரென்று நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

வானொலிச் சுகத்தைத் தருவது வரிசைப் பட்டியல், செயலியின் மொழியில் க்யூ. இறக்கிய அத்தியாயங்கள் தாமாகவே க்யூவில் சேரும்படி வையுங்கள். க்யூவை வரிசைப்படுத்தும் இடத்தில் ஸ்மார்ட் ஷஃபிள் என்று ஒன்று இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியின் அத்தியாயங்கள் அடுத்தடுத்து வராமல், இலக்கியத்துக்குப் பின் செய்தி அலசல், அதற்குப் பின் சமையல் என்று கலந்து வைக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடும். இதைச் செய்துவிட்டால் காலையில் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போனைத் தொட வேண்டாம். இந்தச் செயலியை மற்றவற்றுக்கு மேலே வைக்க எங்களுக்கு இது ஒன்றே போதும்.

நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனி அமைப்பு வைக்கலாம் என்பது அடுத்த பெரிய பலம். வீட்டில் பதிவு செய்யும் தமிழ் பாட்காஸ்ட்களில் ஒலி அளவு தாறுமாறாக இருக்கும். ஒன்று கிசுகிசுக்கும், அடுத்தது காதைப் பிளக்கும். க்யூவில் இவை கலந்து ஓடும்போது இது பெரும் தொல்லை. மெல்லிய குரல் நிகழ்ச்சிக்கு ஒலியைக் கூட்டியும், சத்தமானதற்குக் குறைத்தும் தனித்தனியாக நிரந்தரமாக வைத்துவிடலாம். அண்ணா சாலைப் பேருந்தில் கேட்பவர்கள் நடுத்தரக் கூட்டல் வரை போகலாம். உச்ச அளவில் வைத்தால் சில பதிவுகளில் ஒலி உடையும், ‘ச’வும் ‘ஷ’வும் கீச்சிடும். தொடக்க இசை 40 விநாடி ஓடும் நிகழ்ச்சியா? அந்த 40 விநாடியைத் தாண்டிவிட்டுத் தொடங்கச் சொல்லலாம். ஒரே ஓடையில் மூன்று நிமிடத் துணுக்கும் நீண்ட பேட்டியும் கலந்து வந்தால், இத்தனை நிமிடத்துக்குக் குறைந்ததை இறக்காதே என்றும், தலைப்பில் இந்தச் சொல் இருந்தால் விட்டுவிடு என்றும் வடிகட்டலாம்.

வேகத்தைக் கூட்டும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள். தமிழில் ஆமா இல்லையா என்பதே வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. 1.5 மடங்கில் பேருந்து இரைச்சலில் கேட்டால் அந்த வால்தான் முதலில் காணாமல் போகும். செய்தி அலசலுக்கு 1.2 போதும். மௌனத்தைத் தாண்டும் வசதியை உரையாடல் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் வையுங்கள். கதை வாசிப்பிலும் இசை பற்றிய நிகழ்ச்சியிலும் அதை அணைத்தே வைக்க வேண்டும். வாசிப்பவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியைச் செயலி விழுங்கிவிடும்.

தூங்கும் நேரத்துக்கான டைமர் நன்றாக இருக்கிறது. நிற்கப்போகும் நேரத்தில் போனைக் குலுக்கினால் டைமர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் இரவுப் பேருந்தில் இந்தக் குலுக்கும் வசதி இருந்தால் சாலைப் பள்ளங்களே டைமரை நீட்டித்துக்கொண்டு போகும். பயணத்துக்கு முன் அணைத்துவிடுங்கள். புளூடூத் இணைந்ததும் தானாக ஓடத் தொடங்கும் வசதியையும் அணைத்து வைப்பது நல்லது. காரிலோ அலுவலகத்திலோ எதிர்பாராத இடத்தில் பேச ஆரம்பித்துவிடும்.

எஃப்எம்மை இது முழுக்க விலக்கிவிடுமா? விலக்காது, விலக்கவும் கூடாது. இதில் நேரலை கிடையாது. கிரிக்கெட் வர்ணனை வராது, ஆகாசவாணியின் நேரலையும் ஓடாது. அதற்கு நியூஸ்ஆன்ஏர் செயலி தனியாக வேண்டும். அதைவிட முக்கியம் மழைக்காலம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் கரை கடந்தபோதும் மின்சாரமும் மொபைல் கோபுரங்களும் ஒன்றாகப் போயின. செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதை நேற்று இறக்கிய கோப்பு சொல்லாது. இரண்டு பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று ஒவ்வொரு சென்னை வீட்டிலும் இருக்க வேண்டும். அக்டோபர் பிறந்ததும் அதில் பேட்டரி போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து உலோகத் தகட்டை அரித்துவிடும்.

ஐபோனில் ஆன்டெனாபாட் கிடையாது. அங்கே கூடவே வரும் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸே பெரும்பாலோருக்குப் போதும். போன், கணினி இரண்டிலும் மாறி மாறிக் கேட்பவர்களுக்கு பாக்கெட் காஸ்ட்ஸ் என்ற செயலி வசதி. ஆன்டெனாபாடில் கணினிக்கான வடிவம் இல்லை, ஒரு கருவியில் விட்ட இடத்திலிருந்து இன்னொன்றில் தொடரும் ஒத்திசைவு வேண்டுமென்றால் ஜிபாடர் அல்லது நெக்ஸ்ட்கிளவுட் சேவையைத் தனியாக இணைக்க வேண்டும், அது எல்லாராலும் ஆகிற வேலை இல்லை. யூடியூப் நிகழ்ச்சிகளைத்தான் அதிகம் கேட்கிறீர்கள் என்றால் இந்தச் செயலி உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

போன் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய போனில் செயலியை நீக்கினால் இறக்கிய ஒலிக்கோப்புகளும் கூடவே போய்விடும். நீக்கும் முன் செட்டிங்ஸில் ஏற்றுமதிப் பகுதிக்குப் போய் டேட்டாபேஸ் கோப்பை எடுத்து வையுங்கள். சந்தாக்கள், க்யூ, எந்த அத்தியாயத்தை எந்த நிமிடத்தில் விட்டீர்கள் என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். ஓபிஎம்எல் கோப்பில் சந்தாப் பட்டியல் மட்டுமே இருக்கும், ஆனால் வேறு செயலிக்கு மாற அதுதான் உதவும். ஆகவே இரண்டையும் எடுங்கள். ஒலிக்கோப்புகள் இரண்டிலும் வராது, புதுப் போனில் வைஃபை கிடைத்ததும் மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டியதுதான்.