நுவரெலியாவில் மலிவு விடுதி எடுப்போர் கவனத்திற்கு

வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு இலங்கையின் மலைநகரமான நுவரெலியாவுக்குச் செல்லவிருக்கும் தமிழகத்து அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில், ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் வெப்பநிலை சில நாட்கள் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. வெந்நீரும் ஈரமில்லாத கம்பளியும் இல்லாத அறையை எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் அங்கே எடுக்கக் கூடாது.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில் சீதா எலியாவில் உள்ள சீதையம்மனைத் தரிசிக்க வேண்டும் என்பது என் அம்மாவின் நெடுநாள் ஆசை. நுவரெலியாவுக்கென்று ரயில் நிலையம் இல்லாததால், கண்டியிலிருந்து வந்து நானுஓயாவில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கிரகரி ஏரிக்கரையிலிருந்து நடந்து செல்லும் தூரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்த விடுதி, ஊரைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே குண்டும் குழியுமான பாதையில் வெகுதூரம் ஏறிய பிறகுதான் வந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. திரும்பிச் செல்ல வாகனம் கிடைக்காது என்பது விடுதிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அறையின் ஜன்னல் சட்டம் ஈரத்தில் உப்பி, மூட முடியாமல் நின்றது; இடைவெளியில் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் முழுவதும் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. கம்பளியை விரித்தபோது கையில் ஈரம் ஒட்டியது. குளியலறைக் கீசரின் ஒயரை வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். படத்தில் காட்டிய ஹீட்டரைக் கேட்டபோது, அதற்கு ஓர் இரவுக்கு 3,000 இலங்கை ரூபாய் தனி என்றார் மேலாளர். வீசிங் உள்ள அம்மா படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்ததால் வேறு வழியின்றிச் சம்மதித்தோம். வந்த ஹீட்டரோ சற்று நேரத்திலேயே அணைந்துபோனது.

அன்று இரவு எங்களைக் காப்பாற்றியவர் அங்கே வேலை பார்த்த, பக்கத்துத் தோட்டத்து இளைஞர். "அம்மாவுக்குக் குளிரும் சேர், நான் தண்ணி கொதிக்க வச்சுக் கொண்டாரேன், மொதலாளிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க" என்று சொல்லி, பிளாஸ்கில் வெந்நீரும் தன்னுடைய சொந்தப் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார். இப்படிப்பட்ட இடங்களில் கோபத்தை வேலையாட்கள் மீது காட்டிவிடாதீர்கள். அவர்களும் அதே குளிரில்தான் கிடக்கிறார்கள்.

காலையில் வந்த பில் இன்னொரு அதிர்ச்சி. வேலை செய்யாத ஹீட்டருக்குக் கட்டணம், 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீத மதிப்புக்கூட்டு வரி. வரி வசூலிப்பவர் பில்லில் தம் வரிப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். அதில் எந்த எண்ணும் இல்லை. கேள்வி கேட்டதும், பதிவேட்டில் எழுதுவதற்காக என்று முதல் நாள் வாங்கி வைத்திருந்த எங்கள் கடவுச்சீட்டுகளைப் பணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். விவரம் எழுதிக்கொள்ளவும் நகல் எடுக்கவும் கொடுக்கலாம். விடுதியில் விட்டு வைக்கக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை என்று அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. கண்டியில் இருக்கும் இந்திய உதவித் தூதரகத்துக்கு இப்போதே பேசப்போகிறேன் என்று சொல்லிக் கைப்பேசியை எடுத்த பிறகுதான் கடவுச்சீட்டுகள் மேசைக்கு வந்தன, வரியையும் பில்லிலிருந்து அடித்தார்கள். ஹீட்டர் பணம் போனது போனதுதான்.

இலங்கையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை கொடுக்கும் விடுதிகள் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அதிகாரசபையின் தொலைபேசி எண் 1912. பில் தொடர்பான முறைகேடுகளைப் பாவனையாளர் (நுகர்வோர்) அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற எண்ணில் சொல்லலாம். நான் இரண்டு இடத்திலும் படங்களோடும் பில்லின் நகலோடும் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் சீசனில் செல்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அப்போது வாடகை தாறுமாறாக ஏறுவதோடு, முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பார்கள். முதல் இரவுக்கு மட்டும் பணம் கொடுத்து, பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்து, குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பார்த்த பின் மீதியைப் பேசுங்கள்.